இரண்டு சட்டங்களுக்கு நடுவே கிடத்தப்பட்ட முதியவர்கள்

"வயசாயிடுச்சு, இனி இப்படித்தான் இருக்கும்." கால் ஓய்ந்த அப்பாவையோ காது மந்தமான பாட்டியையோ அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன குடும்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் அரிது. அரசு மருத்துவமனையில் வெடுக்கென்று சொல்வார்கள். தனியாரில் கொஞ்சம் நயமாகச் சொல்வார்கள். பிறகு ஒரு வலி மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, அடுத்தவரைக் கூப்பிடு. நோய் என்ன, அதில் எதைச் சரிசெய்யலாம் என்று பார்க்க வேண்டிய இடத்தில் வயதைச் சொல்லி அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது. அது கைகழுவுதல். இதை மருத்துவர் ஒருவரின் அலட்சியம் என்று மட்டும் நாம் கருதவில்லை. சட்டம் இயற்றியும் திட்டம் அறிவித்தும் அவற்றை மருத்துவமனை வாசல்வரைகூடக் கொண்டுவராமல் விட்ட மாநில, ஒன்றிய அரசுகளின் நீண்டகாலக் குற்றம் இது. இதைக் கண்டிக்கிறோம். திருத்தச் சொல்கிறோம்.

2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 20 ஆவது பிரிவு மாநில அரசுக்கு மருத்துவக் கடமைகளை எழுத்தில் விதித்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் அரசு நிதி பெறும் மருத்துவமனைகளிலும் இயன்றவரை மூத்த குடிமக்கள் எல்லோருக்கும் படுக்கை வேண்டும். தனி வரிசை வேண்டும். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோருக்கென்று ஒதுக்கிய வசதி, முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள ஒரு மருத்துவ அதிகாரியின் தலைமையில் இயங்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ 25 ஆவது பிரிவில் இன்னும் அழுத்திப் பேசுகிறது. அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் அதன் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிப் போக முடிய வேண்டும். பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் முன்னுரிமை வேண்டும். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு, குறிப்பாகக் கிராமங்களில், வீட்டுக்கு அருகிலேயே இலவச மருத்துவம் வேண்டும்.

எழுபது வயதில் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் இழுத்துக்கொண்டவருக்கு இந்த இரண்டு சட்டங்களும் பொருந்தும். ஏட்டில் பார்த்தால் அவருக்குத்தான் இந்த நாட்டில் காப்பு அதிகம். நடப்பில் முதியோர் விவகாரம் சமூக நலத் துறையிடம் இருக்கிறது. இயலாமை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். உடம்பு மக்கள் நல்வாழ்வுத் துறையிடம். உதவித்தொகை வருவாய்த் துறையிடம். ஒரே மனிதரை நான்கு கோப்புகளாகப் பிரித்துவிட்டு, நான்கு இடத்திலும் "அது எங்களிடம் இல்லை" என்கிறார்கள்.

எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்பதில் அரசுக்கே இரண்டு கணக்கு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.38 கோடி; அவர்களில் மாற்றுத்திறனாளிகள் என்று பதிவானவர்கள் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டியவர்கள். 2017–18 இல் 45 வயதைத் தாண்டிய 72,000 பேருக்கும் மேல் நேரில் ஆராய்ந்து, 2021 ஜனவரியில் ஒன்றிய சுகாதார அமைச்சகமே வெளியிட்ட இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு வேறு சொல்கிறது. அறுபதைக் கடந்தவர்களில் 75 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய். 40 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓர் இயலாமை. கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஒன்றிலாவது சிரமம்.

ஐந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் இத்தனை பெரிய பள்ளம் எப்படி வந்தது? கேட்ட கேள்வியும் அளந்த முறையும் வேறு என்பது ஒரு காரணம். கணக்கெடுக்க வந்தவர் "வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா" என்று கேட்டால் நம் வீடுகளில் இல்லை என்றுதான் சொல்வோம் என்பது இன்னொன்று. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அப்பாவுக்கு முட்டித் தேய்மானம். தாத்தாவுக்கு ஞாபகம் தப்புகிறது. இவற்றை நாம் இயலாமை என்று சொல்வதில்லை, முதுமை என்கிறோம். குடும்பம் அப்படி எண்ணுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆய்வறிக்கையைக் கையில் வைத்திருக்கும் அரசும் அப்படியே எண்ணிக்கொண்டிருப்பதை ஏற்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தப்பிக்க இடமே இல்லை. ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2021 இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதத்தினர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031 இல் இது 18.2 சதவீதமாகும் என்பது மதிப்பீடு. முதியோர் மருத்துவத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலமும் இதுதான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978 இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது 1996 இல். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லாம் சென்னையில். கூடலூரில் இடுப்பு ஒடிந்த ஒரு மூதாட்டிக்கும் வேதாரண்யத்தில் பார்வை போன ஒரு மீனவருக்கும் கிண்டி எந்தத் திசையில் இருக்கிறது? 2010 இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த முதியோர் நல மருத்துவத் தேசியத் திட்டம், மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கை வார்டு, சமுதாய நல மையத்தில் வாரம் இரு நாள் முதியோர் கிளினிக், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் கிளினிக், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது என்று அழகாக வகுத்திருந்தது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதியோர் கிளினிக் எந்தக் கிழமை என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள்.

இனி மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான நாற்பது சதவீத எல்லை விவகாரம். மாற்றுத்திறனாளி என்று சலுகை பெற வேண்டுமானால் மருத்துவக் குழு பார்த்து, குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று தர வேண்டும். கல்வி, வேலை இடஒதுக்கீட்டுக்கு இப்படி ஓர் எல்லை வைப்பதில் நியாயம் உண்டு. வயதான காலத்தில் உடம்பு தளர்வது அப்படி ஓர் உறுப்பில் நின்று எண்ணுக்குக் கட்டுப்படுவதில்லை. கண் கொஞ்சம், காது கொஞ்சம், முழங்கால் கொஞ்சம், மறதி கொஞ்சம் என்று நான்கும் சேர்ந்து ஒருவரை வீட்டுக்குள் அடைத்துவிடும். தனித்தனியாக அளந்தால் எதுவும் சான்றுக்கு எட்டாது.

காதையே எடுத்துக்கொள்வோம். 2016 சட்டத்தின் அட்டவணைப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாமல் கேட்பிழப்பு இருந்தால்தான் அது குறைபாடு. உலக சுகாதார நிறுவனமோ நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் மறுவாழ்வு தேவைப்படும் நிலை என்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் காது மந்தமான நம் பெரியவர்களில் பலர் இருக்கிறார்கள். டாக்டர் சொல்வது காதில் விழாது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று இரண்டாம் முறை கேட்கக் கூச்சம். தப்பாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி மயங்கி விழுந்து வருவார்கள். கவனிக்காமல் விட்ட கேட்பிழப்பு மறதி நோய்க்கும் வழிவிடுகிறது என்பதை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017, 2020, 2024 என மூன்று அறிக்கைகளில் எழுதிவிட்டது. ஒரு காது மெஷின் தடுக்கக்கூடியதை டெசிபல் கணக்குப் பார்த்துத் தடுக்காமல் விடுகிறோம்.

மறதி நோயின் கதி இன்னும் மோசம். இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023 இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2016 சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்சன் நோய் பெயர் சொல்லி இருக்கிறது; டிமென்ஷியா பெயர் சொல்லி இல்லை. பெற்ற மகளை யாரென்று கேட்கும் தாய்க்குச் சான்று வாங்கப் போகும் குடும்பம், அதை எந்த வகையில் அடக்குவது என்று தெரியாமல் மனநோய்ப் பிரிவுக்கும் நரம்பியல் பிரிவுக்கும் நடுவே அலைய வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒன்றிய அரசு அறிவிக்கை மூலம் புதிய வகைகளைச் சேர்க்கலாம் என்று அதே அட்டவணை இடம் வைத்திருக்கிறது. ஓர் அறிவிக்கைதான் தேவை. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். இத்தனை ஆண்டுகளாக அந்த ஒரு தாளுக்கு நேரம் கிடைக்காத அமைச்சகத்தை என்னவென்று சொல்வது?

சான்று வாங்கும் பாடு தனி. நடக்க முடியாதவர் என்று நிரூபிக்க நடந்து போக வேண்டும். மருத்துவக் குழு கூடும் நாள் வாரத்தில் இன்னது என்று தெரிந்து, ஆட்டோ பிடித்து, தூக்கிவிட ஆள் கூட்டிக்கொண்டு, விடியற்காலையில் போய் ஓ.பி. சீட்டு எடுத்தால், "எலும்பு டாக்டர் இன்று லீவு" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டாம் தடவை வர அந்தப் பெரியவரே ஒப்புவதில்லை. "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லிவிடுகிறார். பிள்ளைகளுக்கும் லீவு கிடைப்பதில்லை. சான்று இல்லை என்பதால் மாற்றுத்திறனாளி அட்டை இல்லை. அட்டை இல்லை என்பதால் கருவி இல்லை. கருவி இல்லை என்பதால் நடமாட்டம் இல்லை. நடமாட்டம் இல்லை என்பதால் மருத்துவமனைக்குப் போவதில்லை. அரசுக் கணக்கில் அவர் மருத்துவ சேவையை நாடாதவர். தேவை இல்லாதவர் என்று அதிகாரிகள் இதைப் படித்துக்கொள்கிறார்கள்.

போய்ச் சேர்ந்தவருக்குக் கட்டடம் எப்படி இருக்கிறது? புறநோயாளிகள் பிரிவு ஒரு கட்டடம், எக்ஸ்ரே இன்னொன்று, ரத்தப் பரிசோதனை மாடியில், மருந்து வாங்குமிடம் பின்பக்கம். சாய்தளம் இருந்தால் சறுக்குமரம்போல் செங்குத்தாக இருக்கும், அல்லது அதன் வாயில் பைக் நிற்கும். சக்கர நாற்காலி இருக்கும். தள்ள ஆள் இருக்காது. ஆள் வந்தால் கை நீளும். உட்கார்ந்து எழ முடியாதவருக்கேற்ற கழிப்பறை இல்லாததால், மருத்துவமனைக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் மூதாட்டிகளை நாம் அறிவோம். சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வரும் பெண் நாக்கு வறள உட்கார்ந்திருக்கிறாள், கழிப்பறைக்குப் பயந்து. இதைவிட வெட்கக்கேடு ஒரு மருத்துவத் துறைக்கு வேறென்ன இருக்க முடியும்?

இதற்கும் சட்டம் கெடு வைத்தது. இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்கிறது 45 ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் ஆலோசனைபோல் எழுதிவைத்த 15(1) ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அதாவது சட்டம் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, அது கட்டாயம்தான் என்று நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் என்று 89 ஆவது பிரிவு சொல்கிறது. சாய்தளமும் கழிப்பறையும் இல்லாததற்காக இதுவரை எத்தனை மருத்துவமனைகள் அபராதம் கட்டியிருக்கின்றன என்று மாநில அரசு பெயர்ப்பட்டியல் வெளியிடட்டும்.

வீட்டிலிருந்து மருத்துவமனை வாசல்வரையிலான வழியைப் பற்றி யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. 108 வண்டி அவசரத்துக்கு. மாதாமாதம் மருந்து வாங்கவோ, வாரம் இருமுறை பிசியோதெரபிக்கோ அதைக் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. பேருந்தின் முதல் படியே முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வெளியூர் பெரிய மருத்துவமனைக்கு ரயிலில் போகிறவர்களிடமிருந்து மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையையும் 2020 மார்ச்சில் பிடுங்கிக்கொண்டார்கள். கொரோனா பெருந்தொற்று போனது, சலுகை வரவில்லை. இதே தமிழ்நாட்டில் பிரசவித்த தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிட 102 வண்டி ஓடுகிறது. கர்ப்பிணி ஒவ்வொருவரையும் பெயரோடும் எண்ணோடும் பதிந்துகொண்டு, செவிலியர் வீடு தேடிப் போகிறார். அதனால்தான் பேறுகால இறப்பைக் குறைத்த மாநிலங்களில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். செய்யத் தெரியாத அரசு அல்ல இது. முதியவர் விஷயத்தில் செய்ய நினைக்காத அரசு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மறந்து எழுதவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வாசலுக்குக் கொண்டுபோனது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் 2024 இல் கிடைத்தது. பாராட்டுக்குரிய வேலை. வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் குறைந்த ஊக்கத்தொகைக்குச் செய்யும் உழைப்பு அது. அவர்களைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதே திட்டத்தில் அடங்கிய இயன்முறை சிகிச்சையின் கணக்கைப் பாருங்கள். வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர். தமிழ்நாட்டின் கிராமப்புற மக்கள்தொகை 2011 இல் 3.72 கோடி, ஊராட்சி ஒன்றியங்கள் 388. ஒன்றியத்துக்குச் சராசரியாக 96,000 பேர். அதில் 13.6 சதவீதம் முதியோர் என்றால் 13,000 பேர். அகில இந்திய ஆய்வு சொன்ன விகிதப்படி அவர்களில் 24 சதவீதத்தினர் அன்றாடக் காரியத்துக்கே சிரமப்படுகிறவர்கள் என்றால் 3,000 பேருக்கு மேல். ஒரே இயன்முறை மருத்துவர் நாளுக்குப் பத்து வீடு ஏறி இறங்கினாலும், மாதம் 25 நாள் ஓயாமல் போனாலும், ஒருவரை மறுபடி பார்க்க ஓராண்டு ஆகும். ஆண்டுக்கு ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டச் சொல்வதற்குப் பெயர் சிகிச்சையா?

பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொடக்கத்தின் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் பெரும்பகுதி மீட்சி. அந்தக் காலத்தில் தினமும் பயிற்சி கிடைத்தால் கைத்தடியோடாவது நடப்பவர், கிடைக்காவிட்டால் கட்டிலோடு போய்விடுவார். அப்புறம் படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய், அதில் தொற்று, மறுபடி ஐ.சி.யூ. இந்த வரிசையை அறியாத மருத்துவர் இல்லை. ஆனால் காப்பீட்டை எப்படி வகுத்திருக்கிறார்கள்? ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024 அக்டோபரில் எழுபது வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்று விரித்தார்கள். மகிழ்ச்சி. அது மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். வீட்டுக்கு அனுப்பியபின் 15 நாள் செலவு மட்டும் சேரும். பதினாறாம் நாளிலிருந்து பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கொடுப்பது யார்? வாரத்துக்கு மூன்று முறை ஆட்டோ யார் வைப்பது? ஐ.சி.யூ. படுக்கைக்கு லட்சங்களைக் கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, அந்த ஐ.சி.யூ.வுக்கு மறுபடி போகாமல் தடுக்கும் பயிற்சிக்கு அந்தப் பதினைந்து நாளுக்குப் பின் இந்தக் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. தனியார் மருத்துவமனைகளுக்கு வசதியான காப்பீடு இது. முதியவர் காலில் நிற்பது இதன் நோக்கத்தில் இல்லை.

விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது குடும்பங்களையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது என்பது மருத்துவ நடைமுறை. நம் ஊரில் அந்த இரண்டு நாளும் "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா" என்ற பேச்சிலேயே போகிறது. சிலர் கட்டுப் போட அழைத்துப் போகிறார்கள். சிலர் கட்டிலில் கிடத்திவிட்டு, நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். விழுந்தது பாட்டியானால் இன்னும் தாமதம். கையில் பணமோ பெயரில் சொத்தோ இல்லாத விதவையானால் முடிவெடுக்கும் கூட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. அவரைக் கேட்டால் எழுந்து நடக்கத்தான் விரும்புவார். அவரைக் கேட்பதில்லை. ஆனால் குடும்பம் இப்படி முடிவெடுப்பது வானத்திலிருந்து வந்த புத்தி அல்ல. "வயசாயிடுச்சு" என்று வெள்ளை அங்கி அணிந்தவர் சொன்னதைத்தான் வீடு திருப்பிச் சொல்கிறது. படுத்தவரைத் தூக்கிக் குளிப்பாட்டித் துடைக்கும் மருமகளுக்கும் மனைவிக்கும் போதிய துணை தராத அரசு, குடும்பப் பாசத்தைப் பற்றி மேடையில் பேசத் தகுதியற்றது.

உதவிக் கருவிகள் வழங்கும் விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரலில் நெல்லூரில் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காதுக் கருவி, பல்செட், மூக்குக் கண்ணாடி எல்லாம் உண்டு. நல்ல பட்டியல். வழங்குவது முகாம் வைத்து. முகாம் முடிந்தபின் வாக்கரின் ரப்பர் தேய்ந்தால், காதுக் கருவியின் பேட்டரி தீர்ந்தால், போக ஓர் இடம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்தால் மறுபடி தருகிறார்கள் அல்லவா, அதே ஜன்னலில் பேட்டரியும் தரலாம். கருவியை மருந்துபோல் நினைக்காமல் பரிசுபோல் நினைப்பதால்தான் அது பரண்மேல் கிடக்கிறது.

உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை மாதம் 200 ரூபாய். 2007 இல் இந்திரா காந்தி பெயரில் திட்டம் வந்தபோதும் அதே 200. மாற்றுத்திறனாளி என்றால் 300, அதுவும் 80 சதவீதக் குறைபாடு இருந்தால்தான். மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து முதியோருக்கு 1,200, மாற்றுத்திறனாளிக்கு 1,500 என்று 2023 இல் உயர்த்தியது. டில்லி கொடுக்கும் 200 ரூபாயில் மருத்துவமனைக்கு ஒருமுறை ஆட்டோவில் போய்த் திரும்ப முடியுமா என்று டில்லியில் யாராவது யோசித்தார்களா?

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். ஒன்று, மாற்றுத்திறனாளிகள் இயக்கத்திலிருந்து வருவது. முதியோர் எல்லோரையும் அட்டைக்குள் கொண்டுவந்தால், பல்லாண்டு போராடிப் பெற்ற இடஒதுக்கீடும் உதவியும் கரைந்துபோகும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறோம். நாம் கேட்பது எல்லா முதியவருக்கும் அட்டை அல்ல. மருத்துவ சேவைக்கு அட்டையை நுழைவுச்சீட்டாக்காதீர்கள் என்கிறோம். வேலை ஒதுக்கீட்டுக்கு எல்லைக்கோடு இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கும் காதுக் கருவிக்கும் வீட்டுக்கு வரும் செவிலியருக்கும், "இவரால் இதைச் செய்ய முடியவில்லை" என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதும் ஒரு சீட்டு போதும். சாய்தளமும் கழிப்பறையும் யார் பங்கையும் குறைக்கப் போவதில்லை. சக்கர நாற்காலியில் வரும் இளைஞருக்கும் அவைதான் வழி.

மற்றது, பணம் இல்லை என்பது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021–22 இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்தது. பணம் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. மகளின் நகையிலிருந்தும் மகனின் கடனிலிருந்தும் செலவாகிறது. அதை அரசு பார்க்க மறுப்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே திருத்தம் இப்படி வேண்டும். மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை, 2007 சட்டத்தின் 20 ஆவது பிரிவும் 2016 சட்டத்தின் 25 ஆவது பிரிவும் எந்தெந்த மருத்துவமனையில் எந்த அளவுக்கு நிறைவேறியுள்ளன என்று மாவட்டவாரியாக வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். முதியோர் பிரிவுக்குப் பொறுப்பான மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டதா காலியா, முதியோர் கிளினிக் எந்தக் கிழமை, உட்கார்ந்து எழும் கைப்பிடியுள்ள கழிப்பறை எந்தத் தளத்தில் என்பதுவரை அதில் இருக்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற இயன்முறை மருத்துவர் எண்ணிக்கையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் என்று உயர்த்த வேண்டும். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிசியோதெரபி பட்டதாரிகள் தமிழ்நாட்டில் குறைவில்லை. மாநில முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பக்கவாதத்துக்கும் எலும்பு முறிவுக்கும் வீடு திரும்பியபின் ஆறு மாத மறுவாழ்வுச் சிகிச்சையைச் சேர்க்க வேண்டும். சான்று தரும் மருத்துவக் குழு, எழுந்து வர முடியாதவரின் வீட்டுக்குத் தானே போக வேண்டும். பிரசவித்த தாய்க்கு ஓடும் வண்டிபோல, நடக்க முடியாத முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் வண்டி வட்டாரந்தோறும் ஓட வேண்டும்.

ஒன்றிய அரசு டிமென்ஷியாவைப் பெயர் சொல்லி அறிவிக்கையில் சேர்க்க வேண்டும். கேட்பிழப்பின் அளவுகோலைத் திருத்த வேண்டும். ரயில் சலுகையைத் திருப்பித் தர வேண்டும். 200 ரூபாயை உயர்த்த வேண்டும். மாநில அரசின் நழுவலுக்கு ஒன்றிய அரசும், ஒன்றிய அரசின் நழுவலுக்கு மாநில அரசும் சாக்காக இருந்தது போதும்.

வெள்ளை அறிக்கைக்கு மூன்று மாதம் தாராளம். மருத்துவமனைகள் அரசினுடையவை, ஊழியர்கள் அரசினுடையவர்கள், கணக்கும் அவர்களிடமே இருக்கிறது. வரும் சட்டப்பேரவைக் கூட்டத்தொடரில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வரும்போது, அறிக்கையை மேசையில் வைக்கும் தேதியை அமைச்சர் எழுந்து அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், தன் தொகுதி அரசு மருத்துவமனையில் முதியோர் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்ற கேள்வியை, கட்சி பாராமல், 234 உறுப்பினர்களும் அவையில் கேட்க வேண்டும்.